தலைமடையாரின் கடன்

தாயிஃப் என்னும் பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று கல், மற்றொன்று திராட்சை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பாதங்களைக் குருதியில் நனைத்த கற்களைப் பற்றியும், களைத்து அமர்ந்த அவர்கள்முன் அத்தாஸ் என்னும் அடிமை ஏந்தி வந்த திராட்சைக் குலையைப் பற்றியும் மீலாது மேடைகளில் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். அந்நகரம் எத்தகைய நிலத்தில் நிற்கிறது, அதன் மக்கள் எதை விளைவித்து, எதை விற்று வாழ்ந்தனர் என்று கேட்டோர் நம்மில் குறைவு. கேட்கப் புகுந்தால் ஒரு பழைய அறவினாவின் வாசலில் போய் நிற்கிறோம். உயர்ந்த இடத்தை இறைவன் ஒருவனுக்கு அளித்தால், தாழ்ந்த இடத்தில் இருப்பவனுக்கு அவன் பட்ட கடன் என்ன? நம் உழவர் மொழியில் சொல்வதாயின், தலைமடைக்காரன் கடைமடைக்காரனுக்குத் தர வேண்டியது என்ன?

ஊத்தங்கரையில் அமர்ந்து எழுதும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அது ஏன் என்பதற்குப் பின்னர் வருவோம். முதலில் அந்த மலை நகரைக் காண்போம்.

மேற்கு அரேபியாவின் முதுகெலும்பு போல வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் சராவத் மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது தாயிஃப். அங்கிருந்து திருமக்கா நூறு கிலோமீட்டர்கூட இல்லை. எனினும் அவ்விரு நகரங்களும் இரு வேறு உலகங்கள். கோடையில் மக்காப் பள்ளத்தாக்கு 40 பாகை வெப்பத்தைக் கடந்து கொதிக்கும்போது, தாயிஃபின் இரவுகள் போர்வை தேடச் செய்யும். மலைச்சரிவில் மோதும் மேகம் அங்கே மழையை இறக்கிவிட்டுச் செல்கிறது. அதனால் மாதுளை, அத்தி, திராட்சை, பாதாம், மலைத்தேன் என்று பாலையில் காணக் கிடைக்காத செல்வமெல்லாம் அங்கே குவிந்தது. சிரியாவிலிருந்து ஒரு துண்டு நிலத்தைப் பெயர்த்து வந்து இங்கே வைத்தார்கள் என்று அரபு மக்கள் கதை சொல்வது இதனால்தான். அல்ஹதா, அஷ்ஷஃபா மலைகளில் இளவேனிற்காலத்தில் சில வாரங்களே பூக்கும் ரோஜாவைக் கதிரவன் தோன்றுமுன் பறித்து அத்தர் வடிக்கிறார்கள். ஒரு தோலா அத்தருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும். இந்த ரோஜாக் கலையை 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஓசூரிலும் குளிர்ந்த மேட்டு நிலமே ரோஜாவுக்கு வாழ்வளிக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அங்கே பூ அத்தராகிறது. இங்கே மொட்டாகவே விமானம் ஏறுகிறது.

பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்று மக்காவைத் திருமறை கூறுகிறது. அங்கே குடியமர்த்திய தம் சந்ததியினருக்குக் கனிகளை உணவாக அளிக்குமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைஞ்சினார்கள். அக்கனிகளில் பெரும்பகுதி தாயிஃப் மலையிலிருந்துதான் இறங்கிற்று. மக்காவின் செல்வர்களும் அங்கே தோட்டம் வாங்கிப் போட்டனர். அத்தாஸ் வேலை செய்த தோட்டமே மக்காவின் குறைஷித் தலைவர்களான உத்பா, ஷைபா சகோதரர்களுடையது.

அந்நகரை ஆண்ட ஸகீஃப் கோத்திரத்தார் அதைச் சுற்றி மதில் எழுப்பினர். சுற்றி வளைக்கப்பட்டது என்பதே தாயிஃப் என்னும் சொல்லின் பொருள் என்பர். இந்த மறை இரண்டு ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவர்மீது இறங்கியிருக்கக் கூடாதா என்று நிராகரித்தோர் வினவியதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அவ்விரண்டு ஊர்கள் மக்காவும் தாயிஃபும் என்பது விரிவுரையாளர் கூற்று. 'பெரிய மனிதர்' என்ற அந்தச் சொல்லில் மலைமேல் குடியிருந்தோரின் மனப்பாங்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. மழையும் குளிரும் மண்ணும் அவர்கள் உழைத்துப் பெற்றவை அல்ல. ஆயினும் அவற்றைத் தம் தகுதிக்குக் கிடைத்த விருதாகவே கருதினர். விளைச்சலில் மிஞ்சிய பணத்தை வட்டிக்கு விட்டனர். வட்டியின் பாக்கியைக் கைவிடுமாறு வந்த இறைவசனம் ஸகீஃபினரின் கொடுக்கல் வாங்கலை ஒட்டி இறங்கியதாக விரிவுரைகள் கூறுகின்றன. விளைந்ததைக் கீழே அனுப்பினார்கள். அதன் கூடவே கடன் சீட்டையும் அனுப்பினார்கள் எனலாம்.

அத்தகைய ஊருக்குத்தான் கி.பி. 619இல், துணைவியாரையும் சிறிய தந்தையாரையும் இழந்த துயரோடு, ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை மட்டும் உடனழைத்துக்கொண்டு பெருமானார் மலையேறிச் சென்றார்கள். ஊர்த் தலைவர்களான மூன்று சகோதரர்களும் எள்ளி நகைத்தனர். தெருச் சிறுவர்களையும் வேலைக்காரர்களையும் ஏவிவிட்டனர். அதன்பின் நடந்தது நாம் அறிந்ததே. திரும்பும் வழியில் கர்னுஸ் ஸஆலிப் என்னும் இடத்தில் மலைகளின் பொறுப்பைப் பெற்ற வானவர் தோன்றி, ஆணையிட்டால் இரு மலைகளையும் அம்மக்கள்மீது கவிழ்த்துவிடுவதாகக் கூறினார். இவர்களின் சந்ததியில் ஏக இறைவனை வணங்குவோர் தோன்றக்கூடும் என்ற நம்பிக்கையைச் சொல்லி அண்ணலார் அதனை மறுத்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் பேசுகிறோம். அது சரியே. ஆயினும் அதில் வேறொன்றையும் காண்கிறோம். அந்தக் கணத்தில் உயரம் இடம் மாறியது. மலைமேல் நின்று கல்லெறிந்தவர்கள் கீழே வந்துவிட்டார்கள். கல்லடி பட்டவர்களின் கையில் மலையே வந்து சேர்ந்தது. மேலிடம் கைக்கு வந்தவுடன் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே இங்கே காணவேண்டியது. பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னரும் இதே நிலை வந்தது. கி.பி. 630இல் ஹுனைன் போரை அடுத்துத் தாயிஃபின் மதில் முற்றுகையிடப்பட்டது. திராட்சைக் கொடிகளை வெட்டுமாறு முதலில் ஆணை பிறந்தது. இறைவனுக்காகவும் உறவுக்காகவும் விட்டுவிடுங்கள் என்று உள்ளிருந்தோர் கெஞ்சியதும் அது நிறுத்தப்பட்டதென வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். முற்றுகை விலக்கப்பட்டது. மறு ஆண்டில் ஸகீஃபினர் தாமே தூதுக்குழு அனுப்பி இஸ்லாத்தில் இணைந்தனர். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மடலில், தாயிஃபின் நடுவே ஓடும் வஜ்ஜுப் பள்ளத்தாக்கின் முள்மரங்களை வெட்டலாகாது, அங்கே வேட்டையாடலாகாது என்ற விதியும் இருந்தது. ஒரு நகரத்தோடு செய்த உடன்படிக்கையில் மரத்துக்கும் மானுக்கும் இடம் கிடைத்ததை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

அந்த வஜ்ஜுப் பள்ளத்தாக்கு பின்னாளில் என்ன ஆயிற்று? தாயிஃப் தோல் பதனிடுவதில் பெயர் பெற்ற ஊர். கருவேலங்காயைக் கொண்டு பதப்படுத்திய அதன் தோலுக்கு அரேபியாவெங்கும் மதிப்பிருந்தது. கி.பி. 1229இல் மறைந்த யாகூத் என்னும் நிலவியல் அறிஞர், தம் ஊர்க் களஞ்சியத்தில் தாயிஃபின் இரு பகுதிகளுக்கும் இடையே ஓடும் அப்பள்ளத்தாக்கைக் குறிப்பிடுகிறார். தோல் பதனிடும் கழிவுநீர் அதில் ஓடுகிறதென்றும், மேலே பறந்து செல்லும் பறவைகள் அந்த நாற்றத்தால் மயங்கி வீழ்கின்றனவென்றும் எழுதுகிறார். மிகைப்படுத்தி இருக்கலாம். ஆயினும் எந்தப் பள்ளத்தாக்கின் பறவைகளை வேட்டையாடாதே என்று உடன்படிக்கை சொல்லிற்றோ, அதன் வானத்தில் வில்லும் அம்பும் இன்றியே பறவைகள் விழுந்தன. யாரும் வேட்டையாடவில்லை. எல்லாரும் தொழில்தான் செய்தார்கள்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மதீனாவின் மஹ்ஸூர் ஓடை வெள்ளத்தைப் பற்றிப் பெருமானார் அளித்த தீர்ப்பு இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. மேல் நிலத்தவன் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொள்ளலாம். பின்னர் அதைக் கீழ் நிலத்தவனுக்குத் திறந்துவிட வேண்டும். ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் மதீனாவாசி ஒருவருக்கும் வாய்க்கால் தகராறு வந்தபோதும் முதலில் கூறப்பட்டது இதுவே: உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, அண்டை வீட்டாருக்கு விட்டுவிடும். இத்தீர்ப்பில் இரண்டு செய்திகள் உள்ளன. மேலே இருப்பவனுக்கு முதல் உரிமை உண்டு. அதை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்குக் கணுக்கால் என்ற அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் நிற்கும் நீர் அவன் வயலில் நின்றாலும் அவனுடையது அன்று. ஆதலால் அதைத் திறந்துவிடுகிறவன் கொடையாளி ஆகமாட்டான். கடனைத் தீர்த்தவன் மட்டுமே ஆவான்.

நம் நாட்டு ஏரிப் பாசனத்திலும் இதே அறிவு இருந்தது. தலைமடை, கடைமடை என்ற சொற்களே அதற்குச் சான்று. முறை வைத்து நீர் பாய்ச்ச ஊராரே ஆள் வைத்தனர். மடையைத் திறக்கும் அதிகாரம் தலைமடை நிலக்காரனிடம் இருக்கவில்லை.

மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்கு நீர் தேடித் தந்த வரலாறும் தாயிஃப் மலைக்கு உண்டு. ஹாரூன் ரஷீத் கலீஃபாவின் துணைவியார் ஸுபைதா அம்மையார் மக்காவுக்குக் கொணர்ந்த கால்வாயின் பெரும்பகுதி நீர் நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அப்பள்ளத்தாக்கின் தலை, தாயிஃப் பாதையிலுள்ள கரா மலையில் இருக்கிறது. தாயிஃபுக்கு அருகே முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிஜ்ரி 58இல் கட்டிய கல்லணை ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. அதன் கூஃபி எழுத்துக் கல்வெட்டில் ஆட்சியாளரின் வெற்றிப் பட்டியலைக் காணோம். அவருக்காகப் பிழைபொறுக்க வேண்டும் வேண்டுதலே காணப்படுகிறது. நம் காலத்து அடிக்கல்களைப் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றும்.

இருபதாம் நூற்றாண்டில் தாயிஃப் வேறு வகையில் புகழ் பெற்றது. சவூதி அரசின் கோடைகாலத் தலைநகராயிற்று. 1934இல் யமனோடு உடன்படிக்கை, 1989இல் லெபனான் உள்நாட்டுப் போரை முடிக்கும் ஒப்பந்தம், 1990இல் நாடிழந்த குவைத் ஆட்சியாளர்களுக்குப் புகலிடம் என்று செய்தித்தாள்களில் அதன் பெயர் அடிபட்டது. இவற்றினும் நம் சிந்தனையைக் கவர்வது குடிநீர்ச் செய்தியே. மக்கள் பெருகி, ஊற்றுகள் போதாமற் போகவே, செங்கடற் கரையில் ஷுஐபா என்னுமிடத்தில் கடல்நீரை நன்னீராக்கி, குழாய் வழியே மலைமேல் ஏற்றித் தாயிஃபுக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் கீழ்நாட்டுக்குக் கனியும் நீரும் இறக்கிய நகரம் இன்று கீழிருந்து ஏறிவரும் நீருக்காகக் காத்திருக்கிறது. தலைமடை கடைமடையாயிற்று.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பெங்களூரின் புறநகர்களைக் கடக்கும்போது அம்மாநகரின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்கு அருகே தமிழகத்தில் நுழைகிறது. அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் எழுந்து நிற்கும் படங்களை நாம் பலமுறை கண்டோம். உப நதியான மார்க்கண்டேய ஆற்றின் குறுக்கே கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றதையும், 2019 நவம்பரில் அதன் இடைக்கால மனு தள்ளுபடியானதையும் அறிவோம். மேலே இருப்பவர் நமக்கு வர வேண்டியதைத் தடுக்கிறார்; வர வேண்டாததை அனுப்புகிறார் என்று நாம் மனம் நொந்து பேசுகிறோம். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு.

ஆனால் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, அனுமன்தீர்த்தத்தின் வழியாக, பாம்பாற்றையும் சேர்த்துக்கொண்டு அதே ஆறு சாத்தனூருக்குச் செல்லும்போது, நாமே தலைமடைக்காரர் ஆகிவிடுகிறோம். 2024 டிசம்பர் முதல் தேதி இரவில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிய, பேருந்து நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு சென்ற காட்சியை நாடே பார்த்தது. நாம் பட்ட துயரம் பெரிது. அதே இரவில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேலாக நீர் திறக்க நேர்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் உறங்கிக் கிடந்த ஊர்களுக்குள் அது புகுந்தது. மழை யாருடைய குற்றமும் அன்று. ஆயினும் நீர் தங்க வேண்டிய ஏரியையும் ஓடையையும் குறுக்கி வீடும் கடையும் எழுப்பும்போது, தேங்க வேண்டிய நீரை ஒரே பாய்ச்சலாகக் கீழே தள்ளிவிடுகிறோம் என்பதை யார் கணக்கில் எழுதுவது? பெங்களூர்க்காரர் நம்மை நினைக்கவில்லை என்று வருந்தும் நாம், திருக்கோவிலூர்க்காரரை எத்தனை முறை நினைத்தோம்? மேலும் கீழும் நிலைத்த பெயர்கள் அல்ல. ஆற்றின் கரையில் ஒவ்வோர் ஊரும் ஒருவருக்குக் கடைமடை, மற்றொருவருக்குத் தலைமடை.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஊத்தங்கரைக்கு வடக்கே, திருப்பத்தூருக்கு அப்பால், வாணியம்பாடியும் ஆம்பூரும் பாலாற்றின் கரையில் உள்ளன. பாலாறும் நந்தி மலைப் பகுதியில் பிறந்ததே, தென்பெண்ணைக்கு உடன்பிறப்பு. நம் சமுதாயத்தாரின் கைத்திறனால் அங்கே தோல் தொழில் தழைத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் ஊக்குவித்தபின், குரோமிய உப்பும் பல்வகை இரசாயனங்களும் பெருகின. கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிற்று. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாயிற்று என்று அத்தீர்ப்பு பதிவு செய்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது தலையாயது. பறவை விழுந்த வஜ்ஜுப் பள்ளத்தாக்கு நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

உடனே ஒரு மறுமொழி எழும். அந்தத் தொழில்தானே பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது? அந்தப் பணத்தில்தானே மதரஸாக்களும் அனாதை இல்லங்களும் எழுந்தன? 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பியவர்கள் அவ்வூர் முஸ்லிம் பெருமக்கள் அல்லவா? ஆம்; மறுக்க முடியாது. அக்கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். இக்கொடைகளைச் சிறுமைப்படுத்த நாம் எழுதவில்லை. சட்டம் கேட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரும்பொருள் செலவிட்டு அமைத்தவர்களும் அவர்களில் உண்டு.

நம் வினா வேறு. தர்மம் கொடுத்தால் கடன் அடைந்துவிடுமா? ஒருவன் அண்டை வீட்டாரிடம் நூறு ரூபாய் கடன்பட்டு, அதைத் தராமல் பள்ளிவாசல் உண்டியலில் இருநூறு போடுகிறான். உண்டியலில் போட்டதற்கு இறைவனிடம் கூலி கிடைக்கலாம். அதை நாம் அளக்க முடியாது. ஆனால் அந்த நூறு அப்படியே நிற்கிறது. அடியார்களின் உரிமைகளை அந்தந்த அடியாரே மன்னிக்க வேண்டும் என்று நம் ஆலிம்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூறுவதன் பொருள் இதுதான். கொடையை யாருக்குக் கொடுப்பது என்று கொடுப்பவன் தேர்ந்துகொள்ளலாம். கடனை யாருக்குக் கொடுப்பது என்று கடனாளி தேர்ந்துகொள்ள முடியாது. கிணறு கெட்டுப்போன கீழ்க்கரை உழவன் நம் சமயத்தவனாக இல்லாதிருக்கலாம்; நம் கல்லூரியில் அவன் பிள்ளை படிக்காதிருக்கலாம்; நம் ஸகாத் பட்டியலில் அவன் பெயர் வராது. அவனுக்கு உரியது ஸகாத் அன்று. அவன் கிணற்று நீர்.

ஆலையை மூடிவிட்டால் தொழிலாளி என் செய்வான் என்ற கேள்வியும் உண்மையானதே. ஆனால் இதற்கு மறுமொழி மஹ்ஸூர்த் தீர்ப்பிலேயே இருக்கிறது. மேல் நிலத்தவனைப் பயிரிடாதே என்று அது கூறவில்லை. கணுக்கால் அளவு எது என்று கண்டு, அந்த அளவோடு நிற்கச் சொல்கிறது. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு தொழிலின் செலவே. அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் காட்டும் இலாபத்தில் ஒரு பகுதி, கீழ்க்கரையானிடமிருந்து அவன் அறியாமல் எடுத்தது.

இதற்கென அமைந்த ஆணையம் 2001இல், வேலூர் மாவட்டத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் முப்பதாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையிலான மக்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. பாலாற்று வழக்கு அதன்பின்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு பெறாதோருக்கு அரசு அதை வழங்கி, ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. முதல் கணக்கு எழுதிய நாளில் ஆலை நடத்தியவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடில்லை. பிள்ளைகளும் பேரர்களும் அவற்றை நடத்துகிறார்கள். இறந்தவரின் சொத்தில் அடக்கச் செலவு போகக் கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நம் பாகப்பிரிவினைச் சட்டத்தின் முதல் பாடம்.

ஒரு நாள் பெருமானாரின் முன் ஒரு ஜனாஸாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். இவர் கடன் ஏதும் வைத்திருக்கிறாரா என்று அவர்கள் வினவினார்கள். மூன்று தீனார் என்றார்கள். அதை அடைக்க ஏதேனும் விட்டுச் சென்றாரா என்று கேட்டார்கள். இல்லை என்ற விடை வந்தது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்திக்கொள்ளுங்கள் என்று கூறித் தாம் ஒதுங்கி நின்றார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். அதன் பின்னரே அண்ணலார் தொழவைத்தார்கள்.